வாசல் தாண்ட மாட்டேன்

நிபால்டோ வரைபடத்தை மேசைமேல் விரித்து, நான்காவது முறையாக ஆரம்பித்தான்.

"படகுல ஒரு பகல்தான், ஓரியானா. ரெண்டு மலைக்கு நடுவுல கடல் உள்ள புகுந்து போகுது பாரு, அங்கதான் மீன் பண்ணை. நிரந்தர வேலை."

"காடும் மழையும்னு சொல்லு. பேச்சுத் துணைக்குக் கடல்நாய் வருமா?" என்றாள் அவன் மனைவி. "கல்யாணமாகி மூணு தீவு மாறியாச்சு. மூணு தடவையும் மூட்டை கட்டினது நான். இனி இந்த வீட்டை விட்டு ஒரு அடி வெளிய வைக்க மாட்டேன்."

"அப்ப நான் தனியாப் போகவா?"

"போ. கம்பளிக் காலுறையை மட்டும் மறந்துடாத."

நிபால்டோ அலுத்துப்போய் எழுந்தான். முப்பது வருடத்தில் அவள் சொன்னதை மாற்றிக்கொண்டதே இல்லை. மழையில் நனைந்தபடி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சிலோயே தீவின் அந்தச் சிற்றூரில் வீடு வீடாக ஏறி இறங்கினான். யாரும் மறுக்கவில்லை.

"ஓரியானாவுக்கு ஒரு குறையும் வராம நாங்க பாத்துக்கிறோம்" என்றார் பக்கத்து வீட்டு எலியெசெர்.

சனிக்கிழமை, கடல் ஏறிய நேரத்தில், எட்டு ஜோடி மாடுகளோடு ஊரே வந்தது. வீட்டோடு குடிபெயரும் அந்தத் தீவின் வழக்கப்படி, நிபால்டோவின் மரவீட்டைத் தூண்களிலிருந்து இறக்கி, உருளைக் கட்டைகள்மேல் கரைவரை இழுத்து, தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். படகு கயிற்றை இழுக்க, வீடு ஆடி அசைந்து கிளம்பியது.

நிபால்டோ அப்பாடா என்று படகில் சாய்ந்தான். பின்னால் மிதந்து வந்த வீட்டின் சமையலறை ஜன்னல் படாரென்று திறந்தது.

"நிபால்டோ! மெதுவா இழுக்கச் சொல்லு. அலமாரியில தட்டெல்லாம் உருளுது!"