மஞ்சள் கொழுப்பு

சர்வர் தட்டை வைத்துவிட்டு நகராமல் நின்றான்.

"நடுவுல ஒரு வெட்டு வெட்டிப் பாருங்க சார். வேக்காடு சரியா இருந்தாத்தான் நான் போவேன்."

டுவேன் கத்தியை எடுத்தார். எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவி லவான் கத்தி முனையையே பார்த்தாள்.

மாலை ஐந்து மணி. லாஸ் வேகாஸில் அந்த நேரத்துக்கு யாரும் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார மாட்டார்கள். நெப்ராஸ்காவில் மாடு வளர்க்கிறவர்கள் உட்காருவார்கள். அந்த மாட்டுக்கறி ஸ்டேக் கடையில் இவர்கள் இருவரை விட்டால் மற்றதெல்லாம் காலி நாற்காலிகள்.

டுவேன் நாற்பத்தோரு வருடமாக மாடு வளர்க்கிறார். ஒரு ஓட்டலிலும் மாட்டுக்கறி கேட்டு வாங்கியதில்லை. "நம்ம மாட்டை வித்துட்டு, அடுத்தவன் மாட்டைக் காசு குடுத்துத் திங்கணுமாக்கும்" என்பார். வேகாஸுக்கு வந்த நாளிலிருந்து இறாலும் மீனுமாகவே தின்று தீர்த்தார். நேற்று அதுவும் வேண்டாம், வயிறு சரியில்லை என்று போர்த்திப் படுத்துக்கொண்டார். லவான் மட்டும் பாட்டுக் கச்சேரிக்குப் போய்வந்தாள்.

அப்படிப்பட்டவரை இன்று கெஞ்சிக் கூத்தாடி இழுத்து வந்திருந்தாள். எதேச்சையாகக் கண்ணில் பட்ட கடை மாதிரி, வாசலில் நின்று வியந்தும் காட்டினாள். அந்த நடிப்பு அவளுக்கே சகிக்கவில்லை.

உண்மையில் இந்தக் கடையின் விலாசம் ஒரு மாதமாக அவள் கைப்பையில் இருக்கிறது. சூதாட்ட எந்திரத்தில் இருபது டாலர் போனதற்கே தூக்கம் கெட்டவள், வேகாஸைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தது இந்தக் கடைக்காகத்தான். இங்கே பரிமாறுவது அவர்கள் மகள் ஜனெல் வளர்க்கும் மாடு.

ஆறு வருடமாக அப்பாவும் மகளும் பேசுவதில்லை.

கடைசி மாதங்களில் மாட்டைச் சோளம் போட்டுக் கொழுக்கவைக்கும் பட்டிக்கு அனுப்ப வேண்டாம், கடைசிவரை புல்லிலேயே மேயட்டும் என்றாள் ஜனெல். செருப்புத் தோலை எவன் காசு கொடுத்துத் தின்பான் என்றார் டுவேன். பேச்சு தடித்தது. மகள் தன் பங்குக்கு வந்த முப்பது பசுக்களை லாரியில் ஏற்றிக்கொண்டு யூட்டாவுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் பெயரை எடுத்தாலே டுவேன் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார். நடுவில் மாட்டிக்கொண்டு வெந்தது லவான்தான்.

அவள் திட்டத்தில் சூது ஒன்றும் பெரிதாக இல்லை. மனிதர் தெரியாமல் சாப்பிடட்டும். நன்றாக இருக்கிறது என்று தன் வாயாலேயே சொல்லட்டும். பிறகு யார் மாடு என்று சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்கு விட்டால் வழியில்லை, நாளை வெள்ளிக்கிழமை காலையில் ஊர் திரும்ப வேண்டும்.

மெனுவில் பண்ணையின் பெயரைப் போட்டிருந்தார்கள். அதனால் அதை அவர் கைக்கே போகவிடாமல் அவளே படித்து, அவளே ஆர்டரும் சொன்னாள்.

மெனுவை மறைத்தவள் மாட்டை மறந்துவிட்டாள்.

டுவேன் வெட்டினார். உள்ளே நல்ல சிவப்பு, கேட்ட வேக்காடு. தலையசைத்து சர்வரை அனுப்பினார். ஆனால் அவர் பார்வை கறியின் ஓரத்துக்குப் போயிற்று. அங்கே கொழுப்பு வெண்ணெய் போல மஞ்சளாக இருந்தது.

சோளம் தின்ற மாட்டுக்குக் கொழுப்பு வெள்ளையாக இருக்கும். புல்லிலேயே வளர்ந்தால்தான் மஞ்சள். மாட்டுக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அது எப்படித் தனக்குத் தோன்றாமல் போயிற்று என்று லவான் தன்னையே நொந்துகொண்டாள்.

கத்தி நின்றுவிட்டது. இனி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார். லவான் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நாற்காலி நகரவில்லை. மெல்லும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தாள். டுவேன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவசரப்படாமல், பேசாமல், உருளைக்கிழங்கு பக்கமே போகாமல். கடைசியில் அந்த மஞ்சள் ஓரத்தையும் விட்டுவைக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"கொஞ்சம் மென்னு திங்கணும். ஆனா மாடு மாடா ருசிக்குது. நம்ம மாட்டுல இந்த ருசியை நான் பார்த்ததில்ல."

அடுத்தவர் மாட்டை அவர் மெச்சி லவான் கேட்டதே கிடையாது. இதுதான் சமயம், சொல்லிவிட வேண்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தட்டை எடுக்க வேறொரு சர்வர் வந்தார், நரைத்த மீசைக்காரர். டுவேனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நேத்து ராத்திரி வந்தப்ப நீங்க கேட்டதை சமையல்கட்டுல விசாரிச்சேன் சார். நான் சொன்ன மாதிரி வாரக் கடைசியிலதான், அந்தப் பண்ணைக்காரம்மா சனிக்கிழமை காலையில கறி கொண்டுவருவாங்களாம். அவங்களே வண்டி ஓட்டிக்கிட்டு வருவாங்களாம்."

நேற்று வயிறு சரியில்லை என்று போர்த்திப் படுத்த கணவரை லவான் பார்த்தாள். யார் மாடு எந்தக் கடைக்குப் போகிறது என்பதெல்லாம் மாட்டுச் சந்தையில் மறைகிற சேதியா என்ன? டுவேன் தண்ணீர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

"டிக்கெட்டைக் காலையிலயே ஞாயித்துக்கிழமைக்கு மாத்திட்டேன்" என்றார். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."