இடைவேளை விடாத படம்

இடைவேளையில் சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

படம் ஆரம்பித்து வெகுநேரம் ஆகிவிட்டது. திரையில் ஒரு கிழவன் உறைந்துபோன ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். படகுக்காரன். பனி உருகினால்தான் அவனுக்குப் பிழைப்பு, பார்க்கிறவர்களுக்கு விடுதலை. அது உருகுகிற வழியாகக் காணோம்.

ஹங்கேரி நாட்டுப் படம். பல்கலைக்கழகத்துப் பெரிய அரங்கில் ஒரு வாரமாக இலவசமாகப் போடுகிறார்கள். கீழே ஆங்கில எழுத்து ஓடியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் அவர் பார்க்கிறாரா என்றும் தெரியவில்லை.

அவர்தான் கூப்பிட்டார். பஸ் ஸ்டாப்பில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததாம்.

"ஓசிப் படந்தான். போயிட்டு வருவோம்."

டிவியில் படம் போட்டால் முதல் பாட்டுக்கு முன்னால் குறட்டை விடுகிற மனுஷன். சாமியே வழி காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு சேலை மாற்றினாள்.

வீட்டில் பேச முடியாது. இன்றைக்கு என்றில்லை, என்றைக்குமே முடிந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரே அறையில் ஏழு பேர். நடுவில் ஒரு சேலையைக் கட்டி மறைத்திருக்கும். ராத்திரி பெருமூச்சு விட்டால் காலையில் மாமியார் ஏனென்று கேட்பாள். அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் சினிமாக் கொட்டகையில், இடைவேளையில் சொல்லிக்கொண்டார்கள். மகள் செண்பகா வயிற்றில் வந்ததை அவள் அங்கேதான் சொன்னாள். மில்லைப் பூட்டிவிட்டார்கள் என்று அவர் சொன்னதும் அங்கேதான்.

அதற்கு ஒரு வழக்கமும் தானாக வந்துவிட்டது. விஷயம் இருக்கிறவர் விளக்குப் போட்டதும் எழுந்து போய்த் தின்ன ஏதாவது வாங்கி வருவார். கேட்க வேண்டியவர் உட்கார்ந்தே இருப்பார். போய்வருகிற நேரத்தில் சொல்கிறவருக்கு வார்த்தை கூடிவிடும். கேட்கிறவருக்கு மனசு கொஞ்சம் கெட்டிப்படும்.

யாரும் போட்ட சட்டமில்லை. ஒருநாளும் மாறியதில்லை.

இன்றைக்கு அவள் எழ வேண்டும்.

நேற்று டாக்டர், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்" என்று அவரை அனுப்பிவிட்டார். நோவு அவருக்கு, பேச்சு மட்டும் அவளிடம். கணையத்தில் கட்டி, முற்றிவிட்டது, இனி அறுத்தும் பிரயோஜனமில்லை என்றார். கதவில் பாதிக்குக் கண்ணாடி. அந்தப் பக்கம் அவருடைய நீலச் சட்டை தெரிந்துகொண்டே இருந்தது. அவளால் அழக்கூட முடியவில்லை.

செண்பகா ஊரிலிருந்து வந்து இறங்கியதும் முதல் வேலையாகச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"அப்பாட்ட மூச்சு விட்ராதம்மா. அவுக தாங்க மாட்டாக."

அவரிடம் வாய்வுக் கோளாறு என்று சொல்லி வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பாள், இந்தச் சத்தியத்துக்கே இடமிருந்திருக்காது. அவருடைய உயிர். மகளுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரனுக்குக்கூடத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியக்கூடாது என்றால் அது என்ன நியாயம்?

எப்போதுதான் விளக்குப் போடுவானோ பாவி.

திரை இருண்டது.

வெறும் இருட்டு. சத்தமும் இல்லை.

அரங்கமே எழுந்தது. நம்மூர் ஜனம், இருட்டினால் இடைவேளைதான். மடக்கு நாற்காலிகள் படபடவென்று மடங்கின. "வெளிய சமோசா இருக்கான்னு பாருல" என்றது ஒரு குரல். அவளும் எழுந்துவிட்டாள். முருகா, வார்த்தையைக் கொடு என்றாள் மனசுக்குள்.

பக்கத்திலும் ஒரு நாற்காலி மடங்கியது.

திரையில் மறுபடி வெளிச்சம் வந்தது. வெள்ளைவெளேரென்று பனி. அதே கிழவன், அதே இடம். இடைவேளையும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ஊரில் ஒரு ராத்திரி கழிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"இடைவேளையெல்லாம் கிடையாதுங்க. உக்காருங்க, உக்காருங்க" என்றாள் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு மாணவி. எல்லாரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

அவர் நின்றுகொண்டிருந்தார்.

அவளைப் பார்த்தார். அவளும் நின்றுகொண்டிருந்தாள்.

டாக்டர் அறையின் கண்ணாடிக் கதவு ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அவள் முகமும் தெரிந்திருக்கும்.

"சார், மறைக்குது" என்றார்கள் பின்னாலிருந்து.

உட்கார்ந்தார்கள்.

திரையைப் பார்த்தபடியே அவர் கேட்டார்.

"நீ எதுக்கு எந்திச்ச?"

"டீ வாங்கலாம்னு." வாய் தானாகச் சொன்னது. "நீங்க?"

"நானும் அதுக்குத்தான்."

அவர் கை இருட்டில் தடவி வந்து அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் கையைப் பிடிக்கிற ஆளில்லை அவர்.

அவள் கையை எடுக்கவில்லை.

திரையில் எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. கிழவன் நிமிர்ந்து பார்த்தான்.

உருகாதே, உருகாதே என்றிருந்தது அவளுக்கு.