ஜெயித்தவளின் ஓட்டு

மூன்று அறையும் மொட்டை மாடியும் கொண்ட வீட்டைத் தனி நாடாக அறிவித்து, பதினோரு வருடமாக அதிபராக இருந்தவர் அப்பா. இந்தத் தேர்தலில் மகளே அவரை எதிர்த்து நின்றாள். வீட்டில் நாலு பேர், நாலு ஓட்டு.

குக்கர் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அம்மா எண்ணினாள். "மகளுக்கு மூணு. உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு."

மகன் சிரித்தான். "அதுவும் அவரே போட்டுக்கிட்டது."

"நான் உன் அக்காவுக்குத்தாண்டா போட்டேன். என்னைவிட அவதான் லாயக்கு."

"நானும் அவளுக்குத்தான்," என்றாள் அம்மா.

"நானுந்தான்," என்றான் மகன்.

மூவரும் புதிய அதிபரைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எதிர்த்து நிக்க முடிஞ்சுது. எதிர்த்து ஓட்டுப் போட மனசு வரலப்பா."

தோற்ற அதிபர் அந்த ஒற்றைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று முழுவதும் வீட்டில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர் அவர்தான்.