அசதிக்கு ஒரு எண்

"பூஜ்யம்னா அசதியே இல்லை. பத்துன்னா எழுந்திருக்கவே முடியலை. இந்த வாரம் உங்க மனைவிக்கு எத்தனை சார்?"

"ஒன்பது போட்டுக்குங்க சிஸ்டர்."

"போன வாரம் எட்டுன்னீங்க?"

"குளிச்சிட்டு வந்தா துண்டைப் பிழியக்கூடத் தெம்பில்லை. ஈரத்தோடயே கட்டில்ல உக்கார வேண்டியிருக்கு. அது ஒன்பதுதானே?"

போனில் பேசியவர் லிஃப்ட் மெக்கானிக். குறித்துக்கொண்டவர், வார்டு நர்ஸாக இருந்து ஆராய்ச்சியாளர் ஆனவர். புற்றுநோய் வந்தவர்களின் அசதியைப் பற்றி இருபத்திரண்டு வருடமாக ஆராய்ந்து வருகிறார். ஆஸ்பத்திரியில் 'அசதி அக்கா' என்று சொன்னால்தான் அவரைத் தெரியும்.

"போனை அவங்ககிட்ட கொடுங்களேன்."

"இப்பத்தான் கண்ணசந்தா. எழுப்பட்டுமா?"

"ஐயோ, வேண்டாம். தூங்கட்டும்."

ஒவ்வொரு வியாழக்கிழமையும் இப்படித்தான் முடிந்தது.

அக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கீமோ முடிந்த புதிதில் அந்த மனைவியே பேசினார். ஏழு, ஐந்து, மூன்று என்று எண் இறங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் கணவர் போனை எடுக்க ஆரம்பித்தார். நான்கு, ஆறு, எட்டு என்று ஏறத் தொடங்கியது. வீட்டுப் பக்கத்து லேபிலிருந்து வந்த மனைவியின் ரத்தப் பரிசோதனையோ ஒவ்வொரு தடவையும் முன்பைவிட நன்றாக இருந்தது.

"அந்தம்மா ரத்தம் என் ரத்தத்தைவிட நல்லா இருக்கு," என்றார் பெரிய டாக்டர். "புருஷன் வாய்க்கு வந்ததை அடிச்சு விடறார். ஆராய்ச்சிப் பட்டியல்லேர்ந்து இருபத்து மூணாம் நம்பரைத் தூக்குங்க அக்கா."

"அசதி ரிப்போர்ட்ல தெரியாது டாக்டர். ரிப்போர்ட் நல்லா இருக்கு, எழுந்து நடங்கன்னு எத்தனை பேரை விரட்டியிருக்கோம்?"

"சரி, அந்தம்மா வாயால ஒரே ஒரு தடவை கேட்டுட்டு வாங்க. இந்த வாரம் முடியலைன்னா பேரை எடுத்துடணும்."

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் துண்டு விஷயத்தை ஒரு கருத்தரங்கில் வாசித்திருந்தார். அரங்கமே பேச்சு மூச்சில்லாமல் கேட்டது. அது பொய்யென்றால் இத்தனை வருட உழைப்பையும் சந்தேகப்படுவார்கள். உண்மையென்றால், எழுந்திருக்க முடியாத ஒருத்தியை நம்பாமல் பட்டியலிலிருந்து எடுத்த பாவம் வந்து சேரும்.

அடுத்த வியாழன், பதினோரு மணிக்குப் போன் செய்வதற்குப் பதில் நேரே போய் அழைப்பு மணியை அடித்தார்.

கதவு திறக்க வெகுநேரம் ஆனது. மெக்கானிக் ஒரு கையில் போனோடு நின்றார். சட்டை அவர் உடம்பில் மாட்டி வைத்தது போலத் தொங்கியது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இப்படித்தான் உருகிப் போகிறார்கள் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

"போன் பண்ணுவீங்கன்னு பாத்துட்டிருந்தேன் சிஸ்டர்."

"அவங்களைப் பாக்கணும்."

"தூங்கறா."

"பரவாயில்லை, காத்திருக்கேன்."

"லேசுல எழுந்திருக்க மாட்டா."

"எனக்கு இன்னைக்கு வேற வேலை இல்லை சார்."

மெக்கானிக் வழிவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தார். படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் போர்வை விலகிக் கிடந்தது. யாரும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகும் அவள் தூங்குகிறாள், சாப்பிடுகிறாள் என்று பேசிக்கொண்டே இருந்த ஆண்களை அவர் பார்த்திருக்கிறார்.

"சார், மனசைத் திடப்படுத்திக்கிட்டு உண்மையைச் சொல்லுங்க. அவங்க... இருக்காங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

"அடடே, நம்ம சிஸ்டர்!" மனைவி உள்ளே வந்தார். காதளவு வளர்ந்திருந்த முடியில் கிளிப். தோளில் பை. "கண்ணாடியை மறந்துட்டு ஆபீசுக்குப் போனா, ஃபைல்ல எது சைபர், எது எட்டுன்னே தெரியலை! அதான் ஓடி வந்தேன். ஆமா, உங்க ஆராய்ச்சி முடிஞ்சு போச்சுன்னு இவர் சொன்னாரே?"

அக்கா மெக்கானிக்கைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் வந்தேன். சும்மா எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னு... அசதி எல்லாம் எப்படி இருக்கு?"

"அசதியா? அதெல்லாம் போயே போச்சு! நாலு மாசமா ஸ்கூல் ஆபீசுக்குப் போறேன். ரெண்டு மாடி ஏறி இறங்கறேன். இவருக்குத்தான் முதுகு வலியாம், லீவைப் போட்டுட்டு மகாராஜா வீட்லயே தர்பார்." கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு கணவரின் தலையைச் செல்லமாகக் கலைத்துவிட்டார். "சிஸ்டருக்கு ஒரு காபியாவது கலந்து கொடுங்க, சும்மாதானே இருக்கீங்க!"

செருப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "எட்டு, ஒன்பதுன்னு வாராவாரம் அளந்தீங்களே சார். நூறு பேர் முன்னால நின்னு படிச்சேன். என் வேலையையே விளையாட்டா நினைச்சுட்டீங்களா?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அலமாரியைத் திறந்து, மடித்த யூனிஃபார்முக்கு அடியிலிருந்து ஒரு ஃபைலை உருவினார்.

"ஒரு நம்பர்கூடப் பொய் இல்லை சிஸ்டர். இப்பத்தான் அவ சிரிச்சுக்கிட்டு வெளிய போயிட்டு வர்றா, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எப்படி இருக்குன்னு வாரத்துல ஒரு நாளாவது கேக்கற ஒரே ஆள் நீங்கதான்."

அது வேறொரு ஆஸ்பத்திரியின் ஃபைல், ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி. வியாதியின் பெயர் அதேதான், நோயாளியின் பெயர் இருந்த இடத்தில் மெக்கானிக்கின் பெயர் இருந்தது.