கல்லெறியும் அம்மா

"இன்னிக்கும் வந்தாச்சுங்க அந்தம்மா! கை நிறையக் கல்லு!"

தூண்டிலைத் தோளில் சாய்த்தபடி மூச்சிரைக்க வந்து நின்றார் தூண்டில்காரர்.

"லீவு நாள்ல ஜாலியா மீன் பிடிக்கலாம்னு வந்தா, நான் தூண்டில் போடுற இடத்துக்கு முன்னாடியே போய் எறியுது. ஒரு மீன்கூடக் கிட்ட வரலை. நீங்க காவல்காரரா, வேடிக்கை பார்க்கறவரா?"

ஏரிக் காவலருக்குச் சுருக்கென்றது. படகுத்துறைக்கு விரைந்தார்.

அந்தம்மா தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெண்டைகள் நாலைந்து மேலே வந்து வாயைத் திறந்தன. தொப்பென்று ஒரு கல். சிதறி ஓடின.

"உங்களுக்கே நல்லா இருக்காக்கா? உங்க வீட்டுக்காரர் தினமும் ரொட்டி கொண்டாந்து கையால ஊட்டின மீனுங்க. அவர் தவறி வருஷம்கூடத் திரும்பலை..."

"தெரியும் தம்பி."

"வீட்டைவிட இதுங்க மேலதான் அவருக்குப் பாசம்னு கோபமா? அதை வாயில்லா ஜீவன்கிட்டயா காட்டுறது?"

"கோபம் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமைகூட வீடு தங்க மாட்டார். 'நீயும் வந்து பாரேன்'னு கூப்பிடுவார். நான் ஒருநாளும் வரலை."

அவள் தண்ணீரைப் பார்த்தபடியே தொடர்ந்தாள்.

"அவர் போனப்புறம்தான் வந்தேன். இங்க வந்து நின்னதும் அத்தனையும் ஓடி வந்துச்சு. அவரே 'வா'ன்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம் வராம இருக்க முடியலை."

"பின்ன எதுக்குக்கா கல்லு?"

தூரத்தில் இருந்த தூண்டில்காரரின் வாளியைக் காட்டினாள்.

"என் வீட்டுக்காரர் இருந்தவரை இந்தப் பக்கம் யாரையும் தூண்டில் போட விடலை. போன வாரம் அந்த வாளியில வாலறுந்த கெண்டை ஒண்ணு கிடந்துச்சு. அவரோட செல்லம். மத்ததெல்லாம் ஒளிஞ்சாலும் அது மட்டும் மொத ஆளா வந்து நிக்குமாம்."

காவலர் வாளியைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் அடுத்த கல்லை எடுத்தாள்.

"கரையில யார் நிழல் விழுந்தாலும் அவர்தான்னு நம்பி வருதுங்க தம்பி. வரட்டும்னு எனக்கும் ஆசைதான். ஆனா மனுஷங்க எல்லாரும் அவர் இல்லைன்னு இதுங்களுக்கு வேற எப்படிப் புரியவைக்கிறது?"