கால்குலேட்டர்கூட வேண்டாம்!

“நான் வாங்குற கம்ப்யூட்டர்ல கேம் மட்டும்தான் ஓடணும். வேற ஒண்ணும் ஓடக் கூடாது. கால்குலேட்டர்கூட வேணாம்!”

கம்ப்யூட்டர் கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தவர்கள், கீபோர்டில் காபியைக் கொட்டியவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தவர் அவர். கால்குலேட்டரைக் கண்டு பயப்படுகிற ஆசாமியை இப்போதுதான் பார்க்கிறார்.

“கேமுக்குன்னு தனியா ஒரு சிஸ்டம் எதுக்கு சார்? லினக்ஸ் டெஸ்க்டாப் போட்டுத் தர்றேன். இலவசம். அதுலயே விளையாடலாம், கணக்குப் போடலாம், மெயில் அனுப்பலாம்...”

“மெயிலா?” வந்தவரின் முகம் வெளிறியது. “அந்தப் பேச்சே வேணாம்.”

யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் என்றால் கடைக்காரருக்கு உயிர். பேச ஆரம்பித்தால் சோறு தண்ணீர் வேண்டாம். கேட்டுக் கேட்டே அவர் மனைவி பாதி லினக்ஸ் கற்றுக்கொண்டுவிட்டாள், பாவம். அவ்வளவு சுலபத்தில் விடுவாரா?

“கம்ப்யூட்டர்ல கேம் மட்டும் வெக்கிறது, வீட்டைக் கட்டி ஊஞ்சலை மட்டும் மாட்டி வெக்கிற மாதிரி சார்.”

“எனக்கு அந்த ஊஞ்சல் போதுங்க. என் குடும்பமே இப்ப அதுலதான் தொங்குது.” வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஞாயித்துக்கிழமை பல் தேய்க்கும்போதே ஆபீஸ் மெயில் ஆரம்பிச்சிடுது. போன வாரம் பொண்ணுக்குப் பிறந்த நாள். கேக்கை வெச்சுக்கிட்டு அப்பா எங்கேன்னு குழந்தை தேடுது, நான் உள்ளே உக்காந்து ஆபீஸ் கணக்கைக் கூட்டிக்கிட்டு இருக்கேன். இன்னொரு தடவை இப்படி நடந்தா பொண்ணைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு வீட்ல சொல்லிட்டா. சொன்னா செஞ்சுடுவா.”

கடைக்காரருக்கு மனசு இளகியது. கூடவே கொஞ்சம் இளக்காரமும் வந்தது. வளர்ந்த மனுஷனுக்கு இவ்வளவுகூடவா கட்டுப்பாடு இல்லை?

“மெயில் போன்லயும் இருக்குமே சார்?”

“போன்ல எழுத்து சின்னது, ஆகாது. பெரிய கீபோர்டைப் பார்த்தாத்தான் அந்த வியாதி கிளம்பும்.”

“சரி, உங்க இஷ்டம். ஆன் பண்ணினா நேரா கேம்தான். ஆனா ஒண்ணு, இந்த கேம் சிஸ்டத்துக்குள்ளயும் மெயில், கணக்கு எல்லாம் பண்ற ஒரு டெஸ்க்டாப் ஒளிஞ்சிருக்கு. மெனுவுல தேடினா...”

“ஐயோ, அதை எடுத்துடுங்க!” வந்தவர் எழுந்தே விட்டார்.

“திடீர்னு ஒரு அவசர வேலைன்னா?”

“அந்த அவசர வேலையை ஒழிக்கத்தாங்க வந்திருக்கேன்!”

தன் கையாலேயே ஒரு டெஸ்க்டாப்பை நீக்கும்போது கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்ன கேம் போடட்டும்? கார் ரேஸா, சண்டையா?”

“லேசுல முடியாததா போடுங்க. முடியவே முடியாதுன்னா இன்னும் நல்லது.”

“ஆன் பண்ணினதும் ஸ்க்ரீன்ல பேர் வரும் சார். உங்க பேரைச் சொல்லுங்க, போட்டுடறேன்.”

“என் பேரா? ‘மேனேஜர் சாருக்கு, ஊழியர்களின் அன்பளிப்பு’ன்னு போடுங்க,” என்று வந்தவர் முதல் முறையாகச் சிரித்தார். “அந்த ஞாயித்துக்கிழமை மெயிலெல்லாம் அனுப்புறதே அவர்தான். அவர் வீட்டு கம்ப்யூட்டர் நேத்துதான் செத்துச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள அவர் புதுசு வாங்கிடாம நாங்க முந்திக்கணும்!”