கதவில் எட்டு எழுத்து

மகள் தீக்ஷாவின் அறைக் கதவில் புதிதாக ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. அதில் கொட்டை எழுத்தில் ‘ஹூஸ்கவ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சொல். கஸ்தூரிரங்கன் எட்டு எழுத்தையும் சரிபார்த்தார். அத்தனையும் சரி.

“பாத்தியா ருக்மிணி, கதவுலகூட ஒட்டி வெச்சுண்டு படிக்கறா. இன்னிக்குக் கப் நமக்குத்தான்!”

அமெரிக்காவில், டெக்ஸாஸின் கேட்டி ஊரில், ஸ்பெல்லிங் பீ என்ற எழுத்துக்கூட்டும் போட்டிப் பைத்தியம் பிடித்த அப்பாக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாலு வருஷமாக, சனி ஞாயிறுகூட, மகளை மேஜையை விட்டு எழுந்திருக்கவிடாதவர் இவர் ஒருவர்தான். எட்டாம் வகுப்போடு போட்டி வயது முடிகிறது. இன்று ஜெயித்தால் நேஷனல்ஸ், விட்டால் அவ்வளவுதான்.

அவரிடம் எல்லாம் எக்ஸெல்லில் இருந்தது. ஸ்பானிஷிலிருந்து வந்த கொச்சை வார்த்தைகள் மட்டுமே நூற்றுப்பத்து. வமூஸ், பக்கரூ, ஹூஸ்கவ்... “அர்த்தம் எதுக்கு? ஜட்ஜ் எழுத்தைத்தானே கேப்பார்?” என்று அர்த்தங்களை மொத்தமாக அழித்துவிட்டார்.

மதியம், கடைசிச் சுற்று.

“ஹூஸ்கவ்” என்றார் ஜட்ஜ். கஸ்தூரிரங்கனுக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

“லாங்குவேஜ் ஆஃப் ஆரிஜின் ப்ளீஸ்?” என்றாள் மேடையில் நின்ற மகள்.

“ஸ்பானிஷ்.”

தீக்ஷா அப்பாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு ‘டபிள்யூ’ என்று ஆரம்பித்து என்னத்தையோ சொல்லி முடித்தாள். தப்பு என்று டிங்கென மணி அடித்தது.

ஃப்ரீவே முழுக்க அவர் கத்திக்கொண்டே வந்தார்.

“தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவியேடி! நாலு வருஷ உழைப்பு மண்ணாப் போச்சே!”

“விடுங்கோ, கொழந்தை பாவம்” என்றாள் ருக்மிணி.

பின்சீட்டில் குழந்தை சிப்ஸ் தின்றுகொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் தீக்ஷா நேராக மாடியேறினாள். கதவிலிருந்த தாளைக் கிழித்துக் கசக்கிக் குப்பையில் போட்டாள்.

பின்னாலேயே வந்தவர், “இப்போ கிழிச்சு என்ன பிரயோஜனம்? ஒட்டினியே, ஒழுங்காப் படிச்சியா?” என்றார்.

“படிக்கறதுக்கு ஒட்டலப்பா. அது என் ரூமோட போர்டு.”

“ஹூஸ்கவ்னு ஒரு போர்டா? அப்படின்னா என்ன?”

நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டார்.

“ஜெயில்ப்பா. இன்னிக்குதான் ரிலீஸ்.”